முப்பத்தேழாம் நம்பர் சீட்டும் என் மூன்றாவது பாயிண்ட்டும்

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தேர்வு மையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இதுவரை பேப்பரும் பேனாவுமாக நடந்துகொண்டிருந்த இன்னொரு நுழைவுத் தேர்வும் கணினிக்கு மாறப் போகிறதாம். பெற்றோர்கள் இப்போதே கல்லூரி வாசலுக்கு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களாம். "மேடம், கம்ப்யூட்டர் எக்ஸாம் பத்தி ஜனங்க தப்பா நெனச்சிக்கினு இருக்கிறதெல்லாம் ஒரு லிஸ்ட்டா போட்டுக் குடுங்க, நோட்டீஸா அடிச்சி வாசல்ல ஒட்டிடுறோம்" என்றாள். நோட்டீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. லிஸ்ட் வேண்டாம், ஒரே ஒரு நாள் நடந்ததை முழுசாக எழுதித் தருகிறேன், அதைப் படி என்று சொல்லிவிட்டேன். இதுதான் அது.

என் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம், கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடை. செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் படித்தேன், அங்கேயே சொல்லியும் கொடுத்தேன். டைப்ரைட்டர்களை ஓரம் கட்டிய காலத்தில் நானும் ஓரம் கட்டப்பட்டுவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் படித்து, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். இதெல்லாம் சேர்த்து இருபது வருஷம். ஒரு பத்திக்கு மேல் அதில் சுவாரசியம் கிடையாது. எங்கள் லேபைக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்கான மையமாக்கிய பிறகுதான் என் உத்தியோகத்துக்கே உயிர் வந்தது.

தேர்வு நாள் காலை என்றால் எனக்குக் கல்யாண வீட்டுக் காலை மாதிரி. ஆறு மணிக்கெல்லாம் லேபில் இருப்பேன். அறுபது கணினி, நாலு உபரிக் கணினி. ஏசியைப் போட்டு, பேட்டரியைப் பார்த்து, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று ஆள் அனுப்பி, ஒவ்வொரு மவுஸையும் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பேன். கேள்வித்தாள் பூட்டிய நிலையில் எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கும். தேர்வு தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் அதைத் திறக்கும் சாவி எண் வரும். அந்த எண்ணை அடித்ததும் அறுபது திரையிலும் ஒரே சமயத்தில் "தயார்" என்று வரும் பாருங்கள், எத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கை பரபரக்கிறது.

மையத்தின் பொறுப்பாளர் அந்தோணி சார். மதுராந்தகம் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பரீட்சை என்று ஒன்றை எழுதியவர் இவர்தான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தேர்வு அறையில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகவே கேன்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்தார். தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சீட்டிலும் தானே உட்கார்ந்து, மாதிரித் தேர்வில் உள்நுழைந்து, ஒரு கேள்விக்குப் பதில் குறித்து, சேமித்து, வெளியே வருவார். அறுபத்து நாலு சீட்டிலும் இதே வேலை. எனக்கு முதலில் எரிச்சலாக வரும். "அறுபத்து மூணுல ஓடுனா அறுபத்து நாலுலயும் ஓடாதா சார்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன். "அந்தச் சீட்டுல வந்து உக்கார்ற புள்ளைக்கு மீதி அறுபத்து மூணால இன்னா பிரயோஜனம் நூருமா?" என்றார். அதற்குப் பிறகு நானும் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து அதையே செய்தேன்.

அவருக்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. எந்தச் சீட்டில் என்ன கோளாறு, எத்தனை மணி எத்தனை நிமிஷம் எத்தனை விநாடிக்கு நின்றது, எத்தனைக்கு மறுபடி ஓடியது, எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு அவர் அடிக்கடி சொல்லும் சட்டம் ஒன்றுதான்: ரூலில் எழுதாததைச் செய்யக் கூடாது, எழுதியிருப்பதை முழுசாகச் செய்ய வேண்டும். முதல் பாதியை எல்லா அதிகாரிகளும் சொல்வார்கள். இரண்டாவது பாதியைச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

வாசலில் நடக்கும் கூத்து தனி. கணினித் தேர்வைப் பற்றி மக்கள் நம்பாதது எதுவுமே இல்லை. கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போய்விடும் என்பார்கள். ஓரத்துச் சீட்டுக்கு வேகம் குறைவு என்பார்கள். முதலில் முடிப்பவர்களுக்கு மார்க் கூட வரும் என்று ஒரு கட்சி, சீக்கிரம் முடித்தால் காப்பி அடித்ததாகக் கம்ப்யூட்டர் சந்தேகப்படும் என்று எதிர்க்கட்சி. அணுபுரத்திலிருந்து வந்த ஓர் அப்பா, நன்கு படித்த பெரிய உத்தியோகஸ்தர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பையனுக்குப் புது கம்ப்யூட்டரா பார்த்துக் குடுங்க, பழசுல கஷ்டமான கேள்வியா வருதாம்" என்றார். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், வரிசைதான் மாறும் என்று சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்கிற மாதிரி பார்ப்பார்கள். மலைக்கோயில் விபூதியை மகளின் கையில் பூசி, அந்தக் கையோடு மவுஸைத் தொடச் சொன்ன அம்மாவும் உண்டு. அன்று அந்த மவுஸை நான்தான் துடைத்தேன்.

இவ்வளவையும் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு வாத்தியார் வளர்ந்துவிட்டார். மையம் ஆரம்பித்த இரண்டாவது வருஷம், எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் கல்விக் குழுவில் இருந்த என் அண்ணன், "நம்ம ஊர் புள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி நாலு வரி எழுதிக் குடேன்" என்றார். நான் நாலு வரியோடு நிறுத்துகிற ஆளா? பத்துப் பாயிண்ட் எழுதினேன். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து சண்டித்தனம் செய்ததால் என் கையாலேயே, குண்டு குண்டு எழுத்தில், "கணினித் தேர்வுக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை" என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அது எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடோ ஓடு என்று ஓடியது. பள்ளிவாசலுக்காக எழுதியது பள்ளிக்கூடங்களுக்கும் போனது, சர்ச்சுக்கும் போனது. பேர் போடவில்லை. ஆனாலும் கடைத்தெருவில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்த நாள், ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். சித்திரை வெயில். அன்று காலை ஒரு ஷிப்ட்தான், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எழுபத்தைந்து கேள்வி, மூன்று மணி நேரம். அறுபது சீட்டும் நிறைந்திருந்தது.

திரையின் வலது பக்கத்தில் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். பதிலைச் சேமித்தால் அந்தக் கட்டம் பச்சையாகும். பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எப்படிப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தேன். பதினொன்று பத்துக்கு முப்பத்தேழாம் நம்பர் சீட்டின் பின்னால் வந்தபோது என் கால் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு கட்டம்கூடப் பச்சை இல்லை. இன்னும் ஐம்பது நிமிஷம்தான் இருக்கிறது.

ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் கை நிற்கவேயில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக நாங்கள் கொடுக்கும் ரஃப் ஷீட்டில் பொடி எழுத்தில் கணக்காகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளின் ஓரத்தில் அழகாகக் கோடு கிழித்து, ஒன்று சி, இரண்டு ஏ, மூன்று டி என்று ஐம்பதுக்கும் மேல் பதில்களை எழுதி வைத்திருந்தாள். எல்லாம் பேப்பரில். கணினியில் ஒன்றுமில்லை. அந்த ரஃப் ஷீட்டை யாரும் திருத்தப் போவதில்லை. வெளியே போகும்போது அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் மொத்தமாகக் குறித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாளா, அல்லது பேப்பரே போதும் என்று நினைத்துவிட்டாளா? எதுவாக இருந்தாலும் அவள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தாள். மவுஸை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், அத்தனையையும் கடைசிப் பத்து நிமிஷத்தில் குறிக்கிற கை இல்லை அது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லக் கூடாது. தேர்வு எழுதுகிறவர் தானாகக் கை தூக்கிக் கேட்டாலோ, கணினி கோளாறாகி நின்றாலோ ஒழிய, கண்காணிப்பாளர் யாரிடமும் பேசக் கூடாது. தோளைத் தொட்டால்கூடக் கேமராவில் பதிவாகும். அவளுக்கு உதவப் போய் அவள் தேர்வே செல்லாமல் போய்விடலாம். என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். விறுவிறுவென்று சர்வர் அறைக்குப் போய் அந்தோணி சாரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். எத்தனை நிமிஷம் பாக்கி என்று கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து கண்காணிப்பாளர் கையேட்டை எடுத்து, நிதானமாகப் பக்கம் புரட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். தேவைப்பட்டால், தேர்வின் நடுவிலும் பொது அறிவுரைகளை அறை முழுவதற்கும் மறுபடி வாசிக்கலாம். அத்தனை வருஷத்தில் அந்த வரியை நான் படித்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் சொன்னா அது ஒத்தாச. அறுபது பேருக்கும் படிச்சா அது அறிவிப்பு. வாங்க" என்றார்.

அறைக்கு நடுவில் போய் நின்று, அறிவுரைத் தாளை விரித்து, முதல் பாயிண்டிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பாயிண்டைத் தமிழில், அதையே ஆங்கிலத்தில், பிறகு அடுத்தது. நேராக ஏழாவதுக்குப் போங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பையன்கள் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். அவர் அசரவில்லை. செல்போன் கூடாது, கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது, தண்ணீர் வேண்டுமானால் கை தூக்கவும், எல்லாம் வாசித்தார். முப்பத்தேழாம் நம்பர் சீட்டில் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

ஏழாவது வந்தது. சேமித்த பதிலை, நேரம் முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பேனா நின்றது. எட்டாவது. ரஃப் ஷீட்டில் எழுதியவை மதிப்பிடப்படாது, கணினியில் சேமித்த பதில்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். தலை நிமிர்ந்தது. அவள் அந்தோணி சாரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பக்கத்துச் சீட்டின் பச்சையைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டாவது பாயிண்ட் வரை வாசித்து முடித்து, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முழுசாக.

அவள் மவுஸைப் பிடித்தாள். கேள்வி எண், விடை, சேமி. ஒரு பச்சை. கேள்வி எண், விடை, சேமி. இன்னொரு பச்சை. மவுஸ் அவள் கையில் வழுக்கியது, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் ஆயிற்று. நான் இரண்டு வரிசை தள்ளி நின்று, மற்றவர்களைப் பார்ப்பது போலப் பாவனை செய்தபடி அவள் பச்சைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. இருபது. முப்பது. கிரிக்கெட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எங்கள் வீட்டில் கடைசி ஓவருக்கு ஏன் நாற்காலி நுனியில் உட்காருகிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அவள் திரை உறைந்து நின்றது.

அறுபதில் ஒன்று அப்படி நிற்பது எங்களுக்குச் சாதாரணம். ஆனால் அது அவளுடையதாகவா இருக்க வேண்டும்? அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கை தூக்கவில்லை. தான் அவசரமாக அழுத்தியதால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நின்றுபோன கணினியை நான் கண்ணால் பார்க்கிறேன், இது கோளாறு, கோளாறு என்றால் நான் பேசலாம். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த வாய்க்கு விடுதலை கிடைத்தது.

பக்கத்தில் போய், எழுந்து வாம்மா, வேறு சீட்டுக்குப் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அங்க போனா வேற பேப்பர் வரும் மேடம். எல்லாம் மொதல்லந்து போடணும். எனக்கு டைமில்ல."

"வேற பேப்பர் வராது. நீ போட்டது இந்தப் பொட்டியில இல்ல, உள்ள சர்வர்ல கீது. கடிகாரமும் நின்னுடுச்சி. உனக்கு ஒரு நிமிஷம்கூடப் போவாது. வந்து பாரு, இல்லன்னா என்னைக் கேளு."

அவள் பெயர் சங்கீதா என்று நுழைவுச் சீட்டில் பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்துப் பெண். என்னை நம்பி எழுந்தாள் என்று சொல்ல முடியாது, வேறு வழியில்லாமல்தான் எழுந்தாள். அறுபத்திரண்டாம் நம்பர் உபரிக் கணினியில் உட்கார வைத்தேன். அந்தோணி சார் அதற்குள் ரிஜிஸ்டரோடு வந்து பின்னால் நின்றிருந்தார். அவள் எண்ணையும் பிறந்த தேதியையும் அடித்தாள். திரை வெள்ளையானது. வெள்ளையாகவே இருந்தது. என் கை அவள் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது.

வந்தது. நாற்பத்தோரு கட்டம் பச்சை. மேலே கடிகாரம், இருபத்தொரு நிமிஷம் நாற்பது விநாடி, விட்ட இடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. சங்கீதா விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பச்சைகளை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காகவே இன்னும் பத்து வருஷம் அந்த வேலையைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பேப்பரில் இருந்த மீதிப் பதினேழையும் ஏற்றினாள். புதிதாக நாலு கணக்குப் போட்டாள். பிறகு ஒரு வேடிக்கை செய்தாள். குறித்திருந்த ஒரு பதிலை ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றிச் சேமித்தாள். மறுபடி ஏ. மறுபடி பி. நாலாவது தடவை ஏ. கட்டம் பச்சையாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது நிஜமாகவே மாறும் என்று நம்பிக்கை வந்தது.

பன்னிரண்டு மணிக்கு மற்ற எல்லோரும் எழுந்து போனார்கள். அவளுக்கு நின்றுபோன நேரம் பாக்கி இருந்ததால் பெரிய அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினாள். நேரம் முடிந்து திரை தானாக மூடியபோது, ரஃப் ஷீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒருமுறை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாசலில் அவள் அப்பா முருகேசன் பதறிப் போயிருந்தார். திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அன்று மகளையும் அதிலேயே அழைத்து வந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் வந்தாகிவிட்டது, தன் மகள் மட்டும் வரவில்லை என்றால் யாருக்குத்தான் பதறாது? நானும் அந்தோணி சாரும் அவளோடு கூடவே போய் நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஒரு தாளை உருவினார்.

"எங்க வூட்ல யாருக்கும் கம்ப்யூட்டர் பத்தி இன்னா தெரியும் மேடம்? எல்லாம் இந்தப் பேப்பர வச்சிதான். கிழிஞ்சிடக் கூடாதுன்னு லேமினேஷன் பண்ணி வச்சிகீறோம். இத எழுதுனவங்க நல்லா இருக்கணும்."

கையில் வாங்கினேன். என் குண்டு எழுத்து. மூன்றாவது பாயிண்ட்: "ஒருமுறை குறித்த பதிலை மாற்ற முடியாது. ஆகவே எல்லாவற்றையும் முதலில் தாளில் போட்டுப் பார்த்து, உறுதியான பிறகே கடைசியாகக் கணினியில் குறிக்கவும்."

நான் அதை எழுதிய வருஷம், எங்கள் கல்லூரி உள்தேர்வுக்கு வைத்திருந்த பழைய மென்பொருள் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். எல்லாக் கணினித் தேர்வும் அப்படித்தான் இருக்கும் என்று, எங்கள் மையத்தின் அறிவுரைத் தாளைக்கூடப் புரட்டாமல், நானே முடிவு கட்டி எழுதிவிட்டேன். பிறகு நூறு தேர்வில் நூறு தடவை ஏழாவது அறிவுரையை வாசித்திருக்கிறேன். அன்று காலைகூட நான்தான் வாசித்தேன், வழக்கம் போலக் கடகடவென்று. என் நோட்டீஸ் ஊருக்குள் இன்னும் நடமாடுகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஊரார் தப்பு நம்பிக்கைகளைப் பார்த்து வாசலில் நின்று சிரித்தவள் நான்.

அந்தோணி சார் தாளைப் பார்த்தார். வருஷக்கணக்கில் என் கையெழுத்தை ரிஜிஸ்டரில் பார்த்தவர். பிறகு என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது நான் எழுதுனதுதாங்க. மூணாவது பாயிண்ட் தப்பு. உங்க பொண்ணு திணறுனது என்னாலதான்" என்றேன்.

முருகேசன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கீதாதான் பேசினாள். "அப்போ ரெண்டு மணி நேரம் நான் ஒண்ணும் குறிக்காம உக்காந்திருந்தது உங்க பேப்பரால. காலையில நீங்க படிச்சப்பகூட, நோட்டீஸ்ல வேற மாதிரி போட்டுருக்கேன்னு நான் இதத்தான் நம்புனேன்" என்றாள். ஆமாம்மா என்றேன். அவள் முகம் சிவந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மீதி ஒம்போது பாயிண்டாவது சரியா மேடம்? எங்க தெருவுல இன்னும் நாலு பேரு நாளைக்கு எழுதுறாங்க. அவங்க கையிலயும் இதான் கீது."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு. நாலு பேர் அவள் தெருவில். மற்ற தெருக்களில், மற்ற ஊர்களில்? பேனாவை எடுத்து மூன்றாவது பாயிண்டை அடிக்கப் பார்த்தேன். லேமினேஷன் மேல் பேனா ஏறவில்லை. மை வழுக்கிக்கொண்டு ஓடியது. சங்கீதா ஆட்டோவில் விட்டுப் போயிருந்த தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்து, பிளாஸ்டிக்கோடு சேர்த்து அந்த வரியை வரட்டு வரட்டென்று சுரண்டினாள். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அந்தோணி சார், மைய அறிக்கையைத் தானே முடித்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பினார். முருகேசன் ஆட்டோவிலேயே கிளம்பினோம். செங்கல்பட்டில் எதையும் சாப்பிடக்கூட நிற்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஜெராக்ஸ் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். முதல் கடையில் ஆள் மாறியிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கடைக்காரர் ஒரு ஃபைலைத் திறந்து, என் நோட்டீஸின் மூலப்படியைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார்.

"இன்னா மேடம் இத போய் வேணாம்ன்றீங்க? எக்ஸாம் சீசன்ல எங்க கடையிலயே ஜாஸ்தி போற பேப்பரு இதான்" என்றார். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அவர் கடைப் பலகையிலேயே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான் சொல்லச் சொல்ல, சங்கீதா ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமா தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். இரண்டு இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. அந்தோணி சாருக்குப் போன் போட்டு, கையேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லித்தான் எழுதினேன். மூன்றாவதுக்கு வந்தபோது, சேமித்த பதிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எழுதினேன். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இப்டி எழுதுனா நம்ப மாட்டாங்க மேடம். நானே நம்பல."

அந்த வரிக்குக் கீழே அவளுடைய பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "நான் நாலு முறை மாற்றிப் பார்த்தேன். மாறியது. - சங்கீதா, சதுரங்கப்பட்டினம்."

இரண்டு பேர் கையெழுத்திலும் இருந்த அந்தத் தாளைக் கட்டுக்கட்டாக அடித்து, மூன்று கடைகளிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கிக் கிழித்தோம். மிச்சத்தைச் சங்கீதா ஆட்டோவில் தன் ஊருக்கு எடுத்துப் போனாள். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை அந்த நாலு பேரும் எங்கள் மையத்துக்கே வந்தார்கள். அறிவுரைகளை அன்று நான் கடகடவென்று வாசிக்கவில்லை. பத்தாவது நிமிஷத்திலேயே நாலு திரையிலும் பச்சை விழ ஆரம்பித்தது. ஒன்பது ஐம்பதுக்கு அவர்களில் ஒருத்தி, ஏற்கெனவே பச்சையாக்கிய கேள்விக்குத் திரும்பிப் போய்ப் பதிலை மாற்றினாள். கைதட்டக் கூடாத இடம் என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தோணி சார் ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் முருகேசன் போன் செய்தார். சங்கீதாவுக்குச் சீட் கிடைத்துவிட்டது என்றார். மூன்று தடவை அதையே சொன்னார், நானும் மூன்று தடவை அதையே கேட்டேன். "அந்தப் பழைய லேமினேஷன் பேப்பரு இன்னும் ஆட்டோலயே கீது மேடம். தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். போடாதீர்கள், எனக்கு வேண்டும் என்றேன்.

பிரியா, நீ கேட்ட லிஸ்டை நீயே போடு. போட்டால் ஒவ்வொரு வரியையும் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையிடம் காட்டிவிட்டு ஒட்டு. அந்தப் பழைய தாள் என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் அதைத் தடவிப் பார்ப்பேன். மூன்றாவது பாயிண்ட் இருந்த இடத்தில் காம்பஸ் முனை இழுத்த கோடுகள் இன்னும் விரலில் தட்டுப்படுகின்றன.